வயிற்றுக்கு மட்டும் ஈரத்துணி

காரை எங்கேயும் நிற்பாட்டக் கூடாது. அந்த வாரம் முழுவதும் தாரிகாவின் மனதில் ஓடியது அது ஒன்றுதான். காலையில் எடுத்தால் குணமாக எழும்பும். வெள்ளவத்தையிலிருந்து மருதானை வரைக்கும் ஒரு முனகல் இல்லாமல் ஓடும். அங்கே அச்சுக்கூடத்துக்குரிய சாப்பாட்டுப் பார்சல்களை இறக்குவதற்காக அணைத்துவிட்டு, பத்து நிமிடத்தில் திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் கிறுகிறுவென்று சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். எழும்பாது. முக்கால் மணித்தியாலம் கழித்து, எஞ்ஜின் ஆறிய பிறகு, ஒன்றுமே நடக்காதது போல எழும்பும்.

கார் தாரிகாவை விட மூன்று வயது மூத்தது. ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய நம்பர் தகடு. ஒரு காலத்தில் பச்சை நிறம். கடற்காற்றுப் பட்டுப் பட்டு இப்போது அது என்ன நிறம் என்பதில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒத்துப்போவதில்லை. பின் சீற்றைக் கழற்றி எடுத்துவிட்டு அந்த இடத்தில்தான் சட்டிபானைகளை அடுக்குவார்கள். கழற்றிய சீற் வீட்டு முன்னறையில் கிடந்தது. அப்பா நாகேந்திரம் அதில் சாய்ந்துகொண்டுதான் பேப்பர் படிப்பார். "கார் ஓடினா என்ன, ஓடாட்டி என்ன, நான் ஒவ்வொரு நாளும் கார்லதானே போறன்" என்பார்.

தாரிகா காப்புறுதிக் கம்பனி வேலையை விட்டு மூன்று வருஷம். அம்மா அன்னபாக்கியத்தின் கைப்பக்குவத்தை நம்பிப் பத்துப் பார்சலில் தொடங்கியது, இப்போது எண்பதில் நின்றது. காலை ஐந்து மணிக்கு அம்மா தேங்காய் துருவுவாள். தாரிகா கத்தரிக்காய் வெட்டுவாள். பதினொன்றுக்கு மருதானை, பன்னிரண்டரைக்குக் கொட்டாஞ்சேனை. அங்கே சண்முகலிங்கம் என்பவரின் கலியாண மண்டபம் இருந்தது. அதன் மேல்மாடிக் கந்தோர்களில் இருக்கும் நாற்பது பேருக்கும் மத்தியானச் சாப்பாடு இவர்களுடையதுதான்.

ஓட்டோ பிடித்துக்கொண்டு போகலாமே என்று கேட்காதவர்கள் இல்லை. ஒரு முறை போனார்கள். பாமன்கடைப் பாலத்தில் ஓட்டோ ஏறி விழுந்த விழுகையில் ரச வாளி சரிந்து, ஓட்டோக்காரரின் முதுகு முழுக்க மிளகு ரசம். அதற்குப் பிறகு அன்னபாக்கியம் வாளியுடன் தெருமுனைக்கு வந்தால் போதும், ஸ்டாண்டில் நிற்கிற ஓட்டோக்கள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டுவிடும்.

சண்முகலிங்கம் நேரம் பார்க்கிற மனிதர். கையில் ஒரு மணிக்கூடு, மண்டப வாசலில் ஒரு மணிக்கூடு. கார் மருதானையில் நின்றுபோனதால் திங்களும் செவ்வாயும் சாப்பாடு பிந்தியது. செவ்வாய்க்கிழமை அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"பிள்ளை, கொம்மாவின்ர சமையலில ஒரு குறையும் சொல்லமாட்டன். ஆனா பசி மணிக்கூடு பாத்துத்தான் வரும். வாற ஞாயிறு இங்க ஒரு கலியாண எழுத்து. எழுபது பேர், பன்னிரண்டரைக்குப் பந்தி. அதை நேரத்துக்குத் தந்தீங்களெண்டா இந்த வருஷம் மண்டபத்தில நடக்கிற எல்லாச் சாப்பாடும் உங்களுக்கு. பிந்தினீங்களெண்டா மேல்மாடிச் சாப்பாட்டுக்கும் வேற ஆளைப் பாப்பன்."

கொட்டாஞ்சேனை போனால் மிஞ்சுவது மருதானை அச்சுக்கூடம் மட்டும். அதை வைத்துக்கொண்டு தொழில் என்று சொல்ல முடியாது. தாரிகா மறுபடியும் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு யாரோ ஒருவரின் கந்தோருக்குப் போக வேண்டியதுதான்.

வீட்டில் வைத்தியம் நடந்தது. தபால் கந்தோரில் முப்பத்திரண்டு வருஷம் வேலை செய்த நாகேந்திரத்துக்குக் கார் ஓட்டத் தெரியாது. காரைப் பற்றிய அபிப்பிராயம் மட்டும் இருந்தது. திங்கட்கிழமை பெட்டரி என்றார். செவ்வாய்க்கிழமை பெட்ரோலில் தண்ணீர் என்றார். புதன்கிழமை, "நீ சாவியைக் கோபமாத் திருப்புறாய்" என்றார்.

பாமன்கடையில் வாய்க்கால் ஓரமாகக் கராஜ் வைத்திருந்த ரிம்ஸானிடம் இரண்டு முறை கொண்டுபோய்க் காட்டினாள். இரண்டு முறையும், அவர் வேலையை முடித்துக் கை துடைத்துக்கொண்டு வருவதற்குள் கார் ஆறிவிட்டது. சாவியைத் தொட்டதும் எழும்பியது.

"பாத்தீங்களா தங்கச்சி, டொக்டரக் கண்டதும் காய்ச்சல் விட்டுப்போன புள்ள மாதிரி நிக்கிது. இதுக்கு நான் என்ன மருந்து குடுக்க? எங்கயாச்சும் நிண்டா, நிண்ட எடத்துல ஈந்தே எனக்குப் போன் எடுங்க."

வியாழக்கிழமை அது நின்றது. வெயில் தார் ரோட்டிலிருந்து திரும்பி முகத்தில் அடித்தது. பின்னால் வந்த பஸ் ஒன்று விடாமல் ஹோர்ன் அடித்தது. அண்ணன் முறையில் தான் நானா என்று கூப்பிடுகிற ரிம்ஸானுக்குத் தாரிகா போன் எடுத்தாள்.

"நானா, நிண்டுட்டுது."

"எங்க?"

"மருதானையில, அச்சுக்கூடத்துக்கு முன்னால."

"நல்லம்."

"என்ன நல்லம்? எனக்கு அழுகை வருது."

"அழ வாணாம். எனக்கிட்ட வந்தா அது நடிக்கிது. இப்பதான் நோயக் காட்டுது. போன வெளிய புடிச்சுக்கிட்டு சாவியத் திருப்புங்க, சத்தம் எனக்குக் கேக்கணும்." அவள் திருப்பினாள். "ஆ, நல்ல பலமாச் சுத்துது. அப்ப பெட்டரியும் இல்ல, ஸ்டார்ட்டரும் இல்ல. பெட்டரின்டு சொன்ன அங்கிள்ட்டச் சொல்லுங்க. இனி பொனட்டத் தொறந்து மணந்து பாருங்க. பெட்ரோல் மணக்குதா?"

"மூக்கில அடிக்குது."

"அப்ப பெட்ரோலும் வருது. வருது, சுத்துது, பத்துது இல்ல. அடுப்புல கேஸ் ஈக்கிது, நெருப்புப்பெட்டி நனஞ்சு போச்சுன்டா எப்பிடி, அந்த மாதிரி. சூடு ஏறினதும் பொறி செத்துப் போகுது. ஏன் சாகுதுன்டு நான் யோசிச்சுச் சொல்றன்."

அன்றைக்கும் சாப்பாடு பிந்தியிருக்கும். அச்சுக்கூடத்து றொஹான் தன் வானில் கொண்டுபோய் விட்டதால் தப்பியது. ஞாயிற்றுக்கிழமை அச்சுக்கூடம் பூட்டு. றொஹானும் இல்லை, வானும் இல்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் தாரிகா பின்வளவில் சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் டைல் வெட்டுகிற மெஷின் பல்லைக் கூசவைத்துக்கொண்டிருந்தது. குசினிக்குள் மிக்சியில் தேங்காய் அரைபட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தங்களுக்கு நடுவே அவளுடைய போன் அடிக்க, அம்மா எடுத்தாள். அம்மாவின் பக்கத்துக் கதை மட்டும் யன்னலால் கேட்டது.

"ஆர்? ஓ, ரிம்ஸான் தம்பியோ! பிள்ளை சட்டி கழுவுது, என்னட்டச் சொல்லுங்கோ... என்னது, கோயிலோ?... கோயிலைத்தான் பாக்க வேணுமோ?... ஓமோம்... சூடு ஏறினாச் செத்துப் போகுமோ, ஐயோ!... தண்ணி. குளிர் தண்ணி ஊத்தோணும்... ஒரு கோப்பை காணுமோ?... ம், பழசைக் கழட்டிப்போட்டுப் புதுசு போடோணும்... விளங்கிச்சுது தம்பி, நல்லா விளங்கிச்சுது... ஓ, மச்சினிச்சிக்குக் கலியாணமோ, பேருவளையிலயோ? சந்தோஷமாப் போட்டு வாங்கோ."

சவர்க்காரக் கையோடு தாரிகா உள்ளே வந்தபோது அம்மாவின் கண் கலங்கியிருந்தது.

"அந்தப் பிள்ளை தங்கமடி. முஸ்லிம் பிள்ளை, தன்ர வாயால எங்களைக் கோயிலுக்குப் போகச் சொல்லுது."

"ரிம்ஸான் நானாவோ?"

"கோயிலைப் பாருங்க அன்ட்டி, கோயிலைப் பாருங்க எண்டு மூண்டு தரம் சொல்லிச்சு. குளிர் தண்ணி ஊத்தட்டாம். அபிஷேகம் எண்ட சொல்லு அதுக்குத் தெரியாது, பாவம். பழசைக் கழட்டிப்போட்டுப் புதுசு போடட்டாம். பிள்ளையாருக்குப் புதுப் பட்டுச் சாத்தச் சொல்லுது. எங்கட வழமை எல்லாம் எப்பிடித் தெரிஞ்சு வைச்சிருக்குப் பார்!"

கார் சீற்றிலிருந்து அப்பா கேட்டார்: "எத்தினை குடமாம்?"

"ஒரு கோப்பை காணுமாம்."

"சீ, ஒரு கோப்பையால என்ன அபிஷேகம்?"

"அது தெரியாமச் சொல்லுது. நாங்கள் மூண்டு குடம் ஊத்துவம்."

தாரிகா உடனே ரிம்ஸானுக்கு எடுத்தாள். போன் அணைந்திருந்தது. 'நானா, கோயிலுக்குப் போகச் சொன்னீங்களோ?' என்று மெஸேஜ் போட்டாள். அது போய்ச் சேராமல் ஒற்றைச் சரி அடையாளத்தோடு நின்றது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. டொக்டர்மார் கைவிட்ட பிறகுதான் கடவுளைக் கும்பிடச் சொல்லுவார்கள். கார் முடிந்துவிட்டது, அதை நேரே சொல்ல மனமில்லாமல் நானா இப்படிச் சொல்லியிருக்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

சனிக்கிழமை அம்மா காலி வீதிக் கடையில் சரிகைக் கரை வைத்த பட்டு வாங்கினாள். கொட்டாஞ்சேனையில் மண்டபத்துக்குப் போகிற வழியிலேயே இருந்த ஒரு பிள்ளையார் கோயிலில் ஐயரோடு கதைத்து, ஞாயிறு பதினொரு மணிக்கு அபிஷேகம், பிறகு கார்ப் பூசை என்று ஒழுங்கு செய்தாள். சனிக்கிழமையே செய்திருக்கலாம். ஐயருக்கு நேரமில்லை.

ஞாயிற்றுக்கிழமை நல்ல சித்திரை வெயில். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, பயத்தங்காய்ப் பிரட்டல், பூசணிப் பால்கறி, வடை, அப்பளம், பாயாசம். எட்டுச் சட்டியையும் துணியால் வாய் கட்டி, ஏழு சட்டியைப் பின்னால் இறக்கி, சட்டிகளுக்கு இடையில் பழைய தலையணைகளைச் செருகினார்கள். பாயாசச் சட்டியை அம்மா முன் சீற்றில் மடியில் வைத்துக்கொண்டாள். அப்பா பஸ்ஸில் வருவதாகச் சொன்னார்.

"அம்மா, கோயில் வாசல்ல நான் எஞ்ஜினை அணைக்கமாட்டன். சொல்லிப்போட்டன்."

"அணைக்காதை. ஆர் அணைக்கச் சொன்னது?"

ஐயர் சொன்னார். மூன்று குடம் தண்ணீரும் பாலும் ஊற்றி, பழைய துணியைக் களைந்து புதுப் பட்டைச் சாத்தி, களைந்த துணியைப் பிரசாதமாக அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தார். பொனட்டைத் திறந்து சந்தனம் குங்குமம் வைத்தார். நான்கு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தார். பிறகு தட்டை நீட்டினார்.

"சாவியைத் தாரும் பிள்ளை. சுவாமியின்ர பாதத்தில வைச்சு எடுக்கோணும்."

"ஐயா, வேற ஏதும் வைக்கேலாதோ? லைசன்சை வைச்சா..."

"லைசன்சுக்கோ பூசை?" என்றார் ஐயர். தெருவில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அம்மா கண்ணால் கெஞ்சினாள். தாரிகா எஞ்ஜினை அணைத்துச் சாவியைத் தட்டில் போட்டாள்.

சாவி குங்குமத்தோடு திரும்பி வந்தபோது பதினொன்று ஐம்பது. கிறுகிறு. கிறுகிறு. கிறுகிறு. சில்லுக்குக் கீழ் இருந்த தேசிக்காய்கள் நசியாமல் அப்படியே இருந்தன.

"இன்னொருக்கால் திருப்பு பிள்ளை, பிள்ளையாரை நினைச்சு."

"நினைச்சுத்தான் திருப்புறன்."

பன்னிரண்டு ஐந்து. சட்டிகளில் வாய் கட்டிய துணிகள் ஆவியில் நனைந்திருந்தன. தாரிகா மறுபடியும் ரிம்ஸானுக்கு எடுத்தாள். இந்த முறை அடித்தது. பின்னால் கலியாண வீட்டு இரைச்சல்.

"தங்கச்சி! மெஸேஜ இப்பதான் பாக்கிறன், ஒண்ணும் வெளங்க இல்ல. தண்ணி ஊத்திப் பாத்தீங்களா?"

"ஊத்தினது நானா. மூண்டு குடம்."

"மூணு கொடமா? யா அல்லாஹ்! காரு மெதக்குதா?"

"காருக்கில்லை. பிள்ளையாருக்கு."

ரிம்ஸான் இரைச்சலை விட்டுத் தள்ளிப் போய்க் கேட்டார்:

"எந்தப் புள்ளையாருக்கு?"

"கோயில் பிள்ளையாருக்கு. நீங்கள்தானே கோயிலைப் பாக்கச் சொன்னீங்கள்."

"கொயில், தங்கச்சி! கொயில்! காருக்குள்ள ஈக்கிற கொயில்! பொறி குடுக்கிற சாமான். அது சூடானா செத்துப் போகும், குளிர் தண்ணி ஊத்திப் பாருங்க, எழும்பினா அதுதான் நோய், பழசக் கழட்டிப்போட்டுப் புதுசு போடணும்ன்டு அன்ட்டிக்கிட்டச் சொன்னேனே! அவங்க நல்லா வெளங்கிச்சுன்டாங்களே!"

தாரிகா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். ஏசுவதற்கு வாயில் எல்லாம் தயாராக இருந்தது. போன் ஸ்பீக்கரில் இருந்ததால் அம்மாவுக்கும் கேட்டிருந்தது. மார்போடு பிள்ளையாரின் பழைய துணியை அணைத்துக்கொண்டு, பரீட்சையில் பெயிலான பிள்ளை போல முகம் சுருங்கி நின்றாள். "டைல் வெட்டின சத்தத்தில..." என்று மட்டும் சொன்னாள். தாரிகாவுக்கு ஏச்சு வரவில்லை, சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்காமல் மட்காட்டைப் பிடித்துக்கொண்டாள். ஐயரும் தட்டைக் கீழே வைத்துவிட்டு மூக்கைத் துடைக்கிற மாதிரி முகத்தை மறைத்தார்.

"சிரிக்கிறத்துக்கு நேரம் இல்ல தங்கச்சி, நானும் பொறகு சிரிக்கிறன். சாவிய எடுத்துடுங்க. எஞ்ஜினுக்கு இடப்பக்கம் பாருங்க, பால்மா டின் மாதிரிக் கறுப்பா உருண்டையா ஒண்ணு ஈக்கிதா? மேல நடுவுல ஒரு மொத்த வயரு, ரெண்டு பக்கமும் சின்ன வயரு."

அன்னபாக்கியம் எட்டிப் பார்த்தாள். உருண்டை வயிறு. நடுவே வளைந்து இறங்குகிற தும்பிக்கை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கொம்பு.

"பிள்ளையாரே!" என்றாள்.

"அன்ட்டி என்ன சொல்றாங்க?"

"கண்டுட்டாவாம்" என்றாள் தாரிகா.

"துணி ஒண்ட நல்லா நனச்சுப் புழிஞ்சு அதுல சுத்துங்க. மேல வயருக்குத் தண்ணி படவே வாணாம். வயித்துக்கு மட்டும்."

துணிக்கு எங்கே போவது என்று தாரிகா சுற்றிப் பார்க்க, அம்மா கையிலிருந்ததை நீட்டினாள். நீட்டிய பிறகுதான் ஐயரின் ஞாபகம் வந்தது போல அவரைப் பார்த்தாள். ஐயர் தாடையைச் சொறிந்தார்.

"பிரசாதத்தை உங்களுக்குத் தந்தாச்சு. நீங்கள் அதை ஆருக்குக் கட்டினா எனக்கென்ன?" என்று சொல்லிவிட்டுத் தானே கிணற்றடிக்குப் போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்தார். "நல்ல குளிர்ந்த தண்ணி."

தாரிகா கை வைத்துப் பார்த்தாள். அந்த டின் தோசைக்கல்லுப் போலக் கொதித்தது. நனைத்துப் பிழிந்த துணியை அதன் வயிற்றில் இறுக்கிச் சுற்றினாள். சுர்ரென்று ஆவி பறந்தது. உலர உலர நனைத்தாள். ஐயர் பொறுக்கமுடியாமல், "அந்தப் பக்கம் காய்ஞ்சிட்டுது, பாரும்" என்று காட்டினார். பன்னிரண்டு இருபத்தைந்துக்கு ஏறி இருந்து சாவியைத் திருப்பினாள். முதல் தரம் இல்லை. இரண்டாம் தரம் ஒரு இருமல். மூன்றாம் தரம் கார் உடம்பை உலுப்பிக்கொண்டு எழும்பியது. 

"எழும்பிட்டுது நானா!"

"அப்ப கொயில்தான்" என்றார் ரிம்ஸான். அதற்குப் பிறகுதான் அவர் சிரிக்கத் தொடங்கினார். போனை வைத்த பிறகும் அந்தச் சிரிப்புக் காதுக்குள் நின்றது. பொனட்டை மூடிக் காரை நகர்த்தியபோது தேசிக்காய் நாலும் நசிகிற சத்தம் கேட்டது.

மண்டப வாசலில் சண்முகலிங்கம் மணிக்கூட்டுக்குக் கீழே நின்றார். பன்னிரண்டு முப்பத்தாறு. அவர் கையைத் திருப்பி மற்ற மணிக்கூட்டையும் பார்த்தார். அதிலும் அதே நேரம்தான். காவல்காரர் வந்து, "மிஸ், எஞ்ஜின் ஓஃப் கரன்ன" என்றார். தாரிகா அணைத்தாள். இனி அணைந்தால் என்ன.

"ஆறு நிமிஷம்" என்றார் சண்முகலிங்கம்.

தாரிகா வாயைத் திறப்பதற்குள் அம்மா பாயாசச் சட்டியோடு இறங்கி அவருக்கு முன்னால் போய் நின்றாள். சாப்பாட்டு ஓடர் பற்றி யார் என்ன கேட்டாலும் மகளின் முகத்தைப் பார்க்கிறவள் அவள். இன்றைக்கு அவரையே பார்த்துச் சொன்னாள்.

"பிள்ளையில பிழையில்லை ஐயா. காரிலயும் பிழையில்லை. என்னிலதான். திருத்துற தம்பி கொயில் எண்டது எனக்குக் கோயில் எண்டு கேட்டுது. அதுக்குத் தண்ணி ஊத்துங்கோ எண்டவர். நான் பிள்ளையாருக்கு மூண்டு குடம் ஊத்திப்போட்டு வாறன். புதுசு போடுங்கோ எண்டவர். பட்டும் சாத்திப்போட்டன்."

சண்முகலிங்கத்தின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "கொயிலுக்கு என்ன சாத்தினீங்கள்?" என்று கேட்டார்.

"பிள்ளையாரின்ர பழசை."

அவர் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. காவல்காரர் பதறிப்போய், "சேருக்குத் தண்ணி வேணுமா?" என்று கேட்டார்.

"சாப்பாட்டை இறக்குங்கோ, ஆறப்போகுது" என்றார் திரும்பாமலே.

எழுபது பேரும் பந்தியில் இருந்தார்கள். தாரிகா சோறு போட, அம்மா குழம்பு ஊற்ற, பஸ்ஸில் வந்து சேர்ந்த அப்பா அப்பளம் வைத்தார். அவருக்குக் கொடுத்த வேலை அது ஒன்றுதான். கதை எப்படியோ வாசலிலிருந்து பந்திக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளையின் மாமா பொன்னம்பலம் அம்மாவை நிற்பாட்டி, "தங்கச்சி, கத்தரிக்காய் இன்னும் கொஞ்சம். இலைக்குத்தான், கோயிலுக்கு ஊத்திப்போடாதையுங்கோ" என்றார். கலியாணப் பொம்பிளை சிரித்துப் புரைக்கேறித் தண்ணீர் கேட்டாள். சோறு அடிச்சட்டி தட்டியது. பாயாசம் ஒரு கரண்டி மிஞ்சவில்லை.

எல்லாம் முடிந்து சட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது சண்முகலிங்கம் வந்தார்.

"ஆறு நிமிஷம் பிந்தினது பிந்தினதுதான்" என்றார். தாரிகா சட்டி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "பதினெட்டு வருஷமா இந்த மண்டபம் நடத்திறன். பிந்தி வாற எல்லாரும் ட்ராஃபிக் எண்டுதான் சொல்லுவினம். உள்ளதைச் சொன்ன ஆளை இண்டைக்குத்தான் கண்டன். அந்தக் கொயிலை நாளைக்கே மாத்துங்கோ. வாற ஞாயிறு நூற்றிருபது பேர், ஏலுமோ?"

"ஏலும்" என்றாள் அம்மா, தாரிகா மூச்சு எடுப்பதற்கு முன்னால்.

"அதுக்குப் பிறகும் வரிசையா இருக்கு. பிள்ளை, மற்றத் திகதிகளைப் பிறகு போன்ல சொல்லுறன்."

அவர் உள்ளே போனதும் தாரிகா அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"நூற்றிருபது பேருக்கு அவிக்கிற அளவில எங்களிட்டப் பானை எங்க அம்மா?"

"அதானே, எங்க?" என்றாள் அம்மா. "அதை நாளைக்கு யோசிப்பம். ஏறு, ஏறு. கொப்பருக்கு இடம் விடு."

பின் சீற் இல்லாததால் அப்பா வெறும் சட்டிகளுக்கு நடுவே தலையணை ஒன்றைப் போட்டுக் குந்திக்கொண்டார். "இண்டைக்குத்தான் உண்மையாக் கார்ல போறன்" என்றார். தாரிகா சாவியைத் திருப்பினாள். இரண்டு மணித்தியாலம் வேப்ப மர நிழலில் நின்று ஆறியிருந்த கார், தான் ஒரு குற்றமும் அறியேன் என்பது போலத் தொட்டதும் எழும்பியது.

"பார்," என்றாள் அம்மா, அதன் டாஷ்போர்டைத் தடவி, "இதைப் போய் ஏசினனீங்கள்."